நடுங்கும் மேலறையும் இரண்டாவது பக்கவாதமும்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவருக்கு இனிமேல் பக்கவாதம் வருமா என்பதைக் காட்டும் அடையாளங்களில் மிக வலுவானது, அவருக்கு ஏற்கெனவே ஒரு பக்கவாதம் வந்திருப்பதுதான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வெளியான ஒரு மதிப்பீடு, முன்பு பக்கவாதமோ சிறிது நேரத்தில் தானே சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களுக்கு ஆபத்து இரண்டரை மடங்கு என்று கணக்கிட்டது. உயர் ரத்த அழுத்தம் இருந்தால் இரண்டு மடங்கு. சர்க்கரை நோய்க்கு 1.7 மடங்கு, வயது பத்து ஆண்டு கூடும்போதெல்லாம் ஒன்றரை மடங்கு. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எதுவும் எடுக்காத நோயாளிகளைப் பழைய ஆய்வுகள் பின்தொடர்ந்தபோது, பெரும்பாலும் முன்பு பக்கவாதம் கண்டிராத குழுக்களில் ஆண்டுக்கு நூற்றில் நான்கைந்து பேர் பாதிக்கப்பட்டார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களிடையே அந்த எண்ணிக்கை பன்னிரண்டு.

வந்த பக்கவாதத்தை வராததாக ஆக்க முடியாது. வயதையும் குறைக்க முடியாது. மற்றவற்றில் மாற்றக்கூடியவை எவை, அவை எவ்வளவு கனமானவை என்பதே மருத்துவருக்கும் நோயாளிக்கும் உண்மையில் பயன்படும் கேள்வி. அதற்கு விடை காண, பக்கவாதத்தை உண்டாக்கும் ரத்தக் கட்டி உருவாகும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதயத்தின் மேலறைகள் இயல்பாக ஒரே மூச்சில் சுருங்கி, ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைத் தசையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்துடிப்புகள் எழுவதால் அந்தச் சுவர் சுருங்குவதில்லை, நடுங்குகிறது. இனி இந்த அத்தியாயத்தில் இதை மேலறை நடுக்கம் என்றே குறிப்பிடலாம். இடது மேலறையோடு ஒட்டி, விரல் பருமனில் ஒரு சிறிய பை இருக்கிறது. வாய் குறுகி, உள்ளே மடிப்புகள் நிறைந்த இந்தப் பையில் ரத்தம் மதகு மூடிய வாய்க்காலின் கடைக்கோடித் தண்ணீர்போலத் தேங்குகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களிடம் காணப்படும் இடது மேலறைக் கட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பையில்தான் இருக்கின்றன.

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரால் வழங்கும் மூன்று நிபந்தனைகள் உண்டு: ரத்தம் தேங்குதல், குழாய்ச் சுவர் பழுதுபடுதல், ரத்தத்தின் உறையும் தன்மை கூடுதல். நடுங்கும் மேலறையில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. அங்கிருந்து பெயரும் கட்டி மகாதமனிக்குள் போய், கழுத்துத் தமனி வழியே மூளைக்கு ஏறுகிறது. கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்து உதிரும் துணுக்குகளைவிட இது பெரும்பாலும் பெரியது. ஆகவே அடைபடும் குழாயும் பெரிய குழாயாகவே இருக்கும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வில், மேலறை நடுக்கத்தோடு பக்கவாதம் வந்தவர்களில் 25 விழுக்காட்டினர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். நடுக்கம் இல்லாதவர்களில் 14 விழுக்காடு. ஓராண்டுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் முதல் குழுவில் 23 விழுக்காடு, இரண்டாவதில் 8.

முந்தைய பக்கவாதம் ஏன் இவ்வளவு வலுவான அடையாளம்? அது அடுத்த பக்கவாதத்தை உண்டாக்குவதில்லை. இந்த மேலறை கட்டியை உருவாக்கும், உருவான கட்டி மூளைவரை போகும் என்று அது ஏற்கெனவே நிரூபித்துவிட்டது, அவ்வளவுதான். மற்றவர்களிடம் ஊகமாக இருப்பது இவரிடம் நடந்து முடிந்த சோதனை. கட்டியின் ஒரு பகுதி பெயர்ந்து போன பிறகு மீதி பையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு.

அதனால் முதல் சில வாரங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. நார்வேயில் 449 நோயாளிகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், பதினான்கு நாளுக்குள் நூற்றில் சுமார் எட்டுப் பேருக்கு மீண்டும் பக்கவாதம் வந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசி போட்டவர்களுக்கும் ஆஸ்பிரின் கொடுத்தவர்களுக்கும் இதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பிற்கால ஆய்வுகள் இன்னும் இரண்டைச் சேர்த்தன. முதல் பக்கவாதம் கடுமையாக இருந்தாலோ மூளையில் பாதிப்படைந்த பகுதி பெரிதாக இருந்தாலோ, முதல் தொண்ணூறு நாளில் மறுபடி அடைப்பு வரும் வாய்ப்பும் மூளைக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பும் சேர்ந்தே கூடுகின்றன. இங்கேதான் சிக்கல். கட்டியைத் தடுக்கும் மருந்தே, புண்பட்ட மூளைத் திசுவில் கசிவை உண்டாக்கக்கூடும்.

இந்தத் தயக்கத்திலிருந்து பிறந்ததுதான் 1-3-6-12 என்ற நாள் கணக்கு. தற்காலிகப் பக்கவாதத்துக்கு மறுநாளே மருந்து, சிறிய பக்கவாதத்துக்கு மூன்றாம் நாள், நடுத்தரத்துக்கு ஆறாம் நாள், பெரியதற்குப் பன்னிரண்டாம் நாள். மருத்துவர்களின் அனுபவத்தில் உருவான இந்த மரபை நீண்ட காலம் யாரும் முறையாகச் சோதிக்கவில்லை. 2023இல் வெளியான ‘எலான்’ ஆய்வு 2,013 பேரிடம் அதைச் சோதித்தது. சிறிய, நடுத்தரப் பக்கவாதத்துக்கு 48 மணி நேரத்துக்குள்ளும், பெரியதற்கு ஆறு, ஏழாம் நாளிலும் புதுவகை உறைவுத் தடுப்பு மாத்திரை தொடங்கப்பட்டது. முப்பது நாள் முடிவில் பக்கவாதம், பெரிய ரத்தப்போக்கு, இறப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு, சீக்கிரம் தொடங்கியவர்களிடம் 2.9 விழுக்காடு, தாமதித்தவர்களிடம் 4.1. எதிர்பார்த்து அஞ்சிய மூளைக் கசிவு இரு தரப்பிலும் 0.2 விழுக்காடுதான். அடுத்த ஆண்டு பிரிட்டனில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும், நான்கு நாளுக்குள் தொடங்குவது தாமதிப்பதைவிட மோசமானதல்ல என்று காட்டியது. காரணமின்றித் தள்ளிப்போடுவதும் ஓர் ஆபத்துக் காரணிதான் என்பது இப்போது மெல்ல ஏற்கப்பட்டு வருகிறது.

துடிப்பு சீராகிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் பரவலாக இருக்கிறது. ஒருகாலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2002இல் வெளியான, 4,060 பேர் பங்கேற்ற ‘அஃபர்ம்’ ஆய்வு அதைக் கலைத்தது. துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கும், வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டவர்களுக்கும் பக்கவாத விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வந்த பக்கவாதங்களில் பெரும்பாலானவை வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டவர்களுக்கும், மருந்தின் அளவு ரத்தத்தில் போதாமல் இருந்தவர்களுக்கும் வந்தவை. துடிப்பு சரியாயிற்று என்று மருந்தை நிறுத்தியதே பலருக்கு வினையாயிற்று.

பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் துடிப்பை இரவும் பகலும் பதிவு செய்யத் தொடங்கியபோது இன்னொரு புதிரும் வெளிப்பட்டது. ‘அசெர்ட்’ ஆய்வில் பக்கவாதமோ வேறு உறுப்பில் அடைப்போ வந்த 51 பேரின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய முப்பது நாளில் மேலறை நடுக்கம் இருந்தது அவர்களில் 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. நடுக்கம் வந்த அன்றே கட்டி உருவாகி மறுநாள் மூளைக்குப் போகிறது என்ற எளிய சித்திரம் இதற்குப் பொருந்தவில்லை. மேலறைத் தசையே நோயுற்று, நாரேறி, விரிந்திருக்கிறது. நடுக்கம் அந்த நோயின் வெளிப்பாடுகளில் ஒன்று என்ற பார்வை இப்போது வலுப்பெற்றுள்ளது. எக்கோ பரிசோதனையில் மேலறை விரிந்து தெரிவதும், பைக்குள் ரத்தம் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஓடுவதும், இதயத் தசை இழுபடும்போது சுரக்கும் புரதங்கள் ரத்தத்தில் உயர்ந்திருப்பதும் ஆபத்தைக் காட்டுவது இதனால்தான். வந்து வந்து போகும் நடுக்கத்தைவிட, நிலைத்துவிட்ட நடுக்கத்தில் ஆபத்து சற்று அதிகம். ஆனால் வந்து போவது பாதுகாப்பானது என்று கொள்ள இடமில்லை. இருவருக்கும் மருந்து ஒன்றே.

மேலை நாட்டு நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் ஒரு காரணி இந்தியாவில் நின்று பார்க்க வேண்டியது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடுகிறது. இடது மேலறையிலிருந்து ரத்தம் வெளியேறும் ஒரே கதவு இந்த வால்வு. அது குறுகினால் மேலறை ஊதிப் பெருத்து, கட்டி பைக்குள் மட்டுமல்லாமல் அறையின் நடுவிலேயே உருவாகிறது. மேலறை நடுக்கம் மட்டும் பக்கவாத வாய்ப்பை ஐந்து மடங்காக்குகிறது என்றால், ருமாட்டிக் வால்வு நோயும் சேரும்போது அது பதினேழு மடங்கு என்று ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு கண்டது. மேலறை நடுக்கத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைப் பல நாடுகளில் ஒப்பிட்ட ஒரு பதிவேட்டில், வட அமெரிக்காவில் 2.2 விழுக்காட்டினருக்கு ருமாட்டிக் இதய நோய் இருந்தது, இந்தியாவில் 31.5 விழுக்காட்டினருக்கு. இந்த நோயாளிகள் வயதிலும் இளையவர்கள். எழுபது வயதில் வரவேண்டிய கவலை இவர்களுக்கு முப்பதிலும் நாற்பதிலுமே வந்துவிடுகிறது.

புதுவகை மாத்திரைகள் இவர்களுக்கும் பொருந்தும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வின் முடிவு நேர்மாறாக இருந்தது. புதுவகை மாத்திரையான ரிவரோக்சபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடம் இறப்பும் பக்கவாதமும் குறைவு. அதனால் நடுத்தர அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரினோ, இந்தியாவில் அதிகம் புழங்கும் அசெனோகூமராலோதான் இன்றும் உரிய மருந்து. வசதி கருதி மாத்திரையை மாற்றிக்கொள்வது இவர்கள் விஷயத்தில் ஓர் ஆபத்துக் காரணியாகிவிடும்.

வால்வு நோய் இல்லாத மற்றவர்களின் ஆபத்தை அளக்க 2001இல் அமெரிக்க மருத்துவர் பிரையன் கேஜும் குழுவினரும் ‘சாட்ஸ்-2’ என்ற புள்ளிக் கணக்கை வெளியிட்டார்கள். இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், 75 வயது, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. முந்தைய பக்கவாதத்துக்கு மட்டும் இரண்டு. 2010இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த கிரெகரி லிப்பும் குழுவினரும் ரத்தக் குழாய் நோயையும், 65 வயதையும், பெண் பாலினத்தையும் சேர்த்து அதை விரித்தார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் பாலினத்துக்கான புள்ளியை நீக்கிவிட்டது. ஒருமுறை பக்கவாதம் வந்தவரைப் பொறுத்தவரை இந்தக் கூட்டல் கழித்தலுக்கு அவ்வளவு பயன் இல்லை. அந்த இரண்டு புள்ளியே மருந்து வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் சரிசெய்யக்கூடியவை எவை என்று பார்ப்பதுதான் அவருக்கு உதவும்.

அவற்றில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு. அது இரண்டு முனைகளில் கெடுதி செய்கிறது. மேலறையை இழுத்து விரியச் செய்து கட்டிக்கு வழி செய்கிறது. மூளையின் நுண்குழாய்களை நலியச் செய்து, அடைப்புக்கும் கசிவுக்கும் ஒருசேர இடம் கொடுக்கிறது. பக்கவாதம் வந்த 6,105 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ‘ப்ராக்ரஸ்’ ஆய்வில், மேல் அழுத்தத்தை ஏறத்தாழ 9 புள்ளி குறைத்ததற்கே அடுத்த பக்கவாதம் 28 விழுக்காடு குறைந்தது. அவர்களில் மேலறை நடுக்கம் இருந்தவர்களுக்கும் இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் குறைந்தன. உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவருக்கு அழுத்தக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம். அந்த மருந்தின் பெரிய தீங்கான மூளைக் கசிவைத் தள்ளிவைப்பதும் அதுவே.

சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, கழுத்துத் தமனிச் சுருக்கம், புகைப்பழக்கம் ஆகியவை அடுத்து வருகின்றன. உறக்கத்தில் மூச்சுத் திணறல், உடற்பருமன், மது, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை மேலறை நடுக்கத்தைத் தூண்டி, திரும்பத் திரும்ப வரவைப்பவை. மேலறை நடுக்கம் உள்ளவருக்கு வரும் எல்லாப் பக்கவாதமும் இதயத்திலிருந்தே வருவதாக எண்ணிவிடக் கூடாது என்பதை இந்தப் பட்டியல் நினைவூட்டுகிறது.

இனி மருந்து. பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்து 1993இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, வார்ஃபரின் வகை மருந்து ஆண்டுக்கு நூற்றில் பன்னிரண்டு என்றிருந்த பக்கவாதத்தை நான்காகக் குறைத்ததைக் காட்டியது. மாற்றக்கூடிய காரணிகளில் இவ்வளவு பெரிய பலன் தருவது வேறெதுவும் இல்லை. ஆகவே மருந்து இல்லாமையே மிகப் பெரிய மாற்றக்கூடிய ஆபத்துக் காரணி. அது பல வேடங்களில் வருகிறது.

முதல் வேடம் ஆஸ்பிரின். ரத்தப்போக்குக்கு அஞ்சி, பாதுகாப்பான மாற்று என்று எண்ணி ஆஸ்பிரினைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். மேற்சொன்ன ஐரோப்பிய ஆய்விலேயே அதனால் கிடைத்த பலன் சொற்பம். 2011இல் வெளியான ‘அவெர்ரோஸ்’ ஆய்வு, வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரிடம் புதுவகை மாத்திரையான அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டது. அபிக்சபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. பெரிய ரத்தப்போக்கில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதியவர் விழுந்துவிடுவாரே என்ற பயமும் இதே வகைதான். வார்ஃபரினால் வரும் நன்மையை மூளையுறைக் கசிவு ஈடுகட்டிவிட வேண்டுமானால், ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும் என்று 1999இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கணக்கு கொஞ்சம் விளையாட்டாகத் தோன்றினாலும், பயத்தின் அளவு எவ்வளவு பிசகியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது வேடம் போதாத அளவு. அமெரிக்காவில் பூசணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து இறந்ததை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் பால் லிங்க் குழுவின் வேலையிலிருந்து பிறந்தது வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, 1950களில் மனிதர்களுக்கு மருந்தானது. எலி மருந்தா என்று நோயாளிகள் முகம் சுளிப்பது இன்றும் உண்டு. இதன் அளவை ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையால் பார்த்து, 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். 1996இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐஎன்ஆர் 2ஆக இருப்பதோடு ஒப்பிட, 1.7க்கு இறங்கினால் பக்கவாத வாய்ப்பு இரட்டிப்பாகிறது, 1.3க்கு இறங்கினால் ஆறு மடங்கு. கீரையை அறவே விலக்குமாறு சொல்வது தவறான அறிவுரை. வைட்டமின் கே நிறைந்த கீரையை ஒருவாரம் நிறையவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதுதான் ஐஎன்ஆரை அலைக்கழிக்கிறது. ஒரே அளவில் உண்டால் மருந்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

அபிக்சபான், டாபிகாட்ரான், ரிவரோக்சபான், எடோக்சபான் ஆகிய புதுவகை மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. அதுவே அவற்றின் பலவீனமும் ஆகிறது. மாத்திரை விடுபட்டதைக் காட்டிக்கொடுக்க எண் எதுவும் இல்லை. இவற்றின் வீரியம் ஏறத்தாழ அரை நாளில் பாதியாகிவிடுவதால், ஓரிரு நாள் தவறினாலே பாதுகாப்பு போய்விடுகிறது. பல் பிடுங்குவதற்கும் சிறு அறுவைக்கும் நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்க மறந்து, பக்கவாதத்தோடு வருபவர்களை நரம்பியல் மருத்துவர்கள் நன்கறிவார்கள். ரிவரோக்சபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் மருந்தின் மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேர்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் ஆகியவையும் இந்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். பக்கவாதத்துக்குப் பின் வலிப்பு வருவது அரிதல்ல என்பதால் இந்தக் கூட்டு எதிர்பாராத இடத்தில் கைவிட்டுவிடும். சிறுநீரகம் நன்றாக இருந்தும் பயத்தால் குறைந்த அளவு மாத்திரையை எழுதிக்கொடுப்பதும் இதில் சேரும்.

எல்லாம் சரியாக இருந்தும் பக்கவாதம் வருவதும் உண்டு. உறைவுத் தடுப்பு மருந்து எடுக்கும்போதே பக்கவாதம் வந்த 2,946 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 24 விழுக்காட்டினருக்குக் காரணம் மேலறை நடுக்கமே அல்ல. கழுத்துத் தமனி, நுண்குழாய் போன்ற வேறு மூலங்கள். 32 விழுக்காட்டினரிடம் மருந்து போதுமான அளவில் இல்லை. எஞ்சிய 44 விழுக்காட்டினருக்கு மருந்து சரியாக இருந்தும் இதயத்திலிருந்தே கட்டி வந்திருந்தது. இந்தக் கடைசிக் குழுவில் மறைந்திருக்கும் புற்றுநோயையும், ரத்தத்தை உறையச் செய்யும் எதிர்ப்புரதக் கோளாறுகளையும் தேட வேண்டும். ஒரு மாத்திரையை இன்னொன்றாக மாற்றுவதாலோ, கூடவே ஆஸ்பிரின் சேர்ப்பதாலோ நிலைமை தேறுவதாகச் சான்று இல்லை. ஆஸ்பிரின் சேர்த்தால் ரத்தப்போக்குதான் கூடுகிறது.

மேலறைப் பையையே அடைத்துவிடுவது இன்னொரு வழி. வேறு காரணத்துக்காக இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் அந்தப் பையையும் மூடிப் பார்த்த, 2021இல் வெளியான ‘லாவோஸ்-3’ ஆய்வில், பக்கவாதமும் பிற உறுப்பு அடைப்பும் சுமார் நான்காண்டுகளில் 7.0 விழுக்காட்டிலிருந்து 4.8ஆகக் குறைந்தன. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையையும் தொடர்ந்தார்கள் என்பதால், அடைப்பது மருந்துக்கு மாற்று என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. மருந்தோடு சேர்ந்து கூடுதல் காப்பு என்றே சொல்லலாம்.

மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்கெனவே வந்தவர்களிடம் இந்தக் கணக்குகளெல்லாம் தடுமாறுகின்றன. அத்தகைய 319 நோயாளிகளிடம் நடந்து 2025இல் வெளியான ‘பிரெஸ்டீஜ்’ ஆய்வில், உறைவுத் தடுப்பு மாத்திரை அடைப்பு வகைப் பக்கவாதத்தை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டது. ஆனால் மறுபடியும் மூளைக் கசிவு வரும் ஆபத்து பத்து மடங்குக்கு மேல் கூடியது. கசிவு மூளையின் ஆழத்திலா விளிம்பிலா, எம்ஆர்ஐ படத்தில் பழைய நுண்கசிவுகள் எத்தனை என்பதைப் பார்த்து, சிலருக்கு மருந்தையும் சிலருக்குப் பை அடைப்பையும் ஒவ்வொருவராகத்தான் இப்போது முடிவு செய்கிறார்கள்.